அச்சமும் ஆலையும்: 'பரனொயிட்' இசைத்தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இசையைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றையே கைக்கொள்வர். ஒரு சாரார் அதனைச் சந்தையின் கழிவுப்பொருள் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். மறுசாரார் விற்பனைத் தொகைகளையும் கலைஞர்தம் வாழ்க்கைத் துணுக்குகளையும் அடுக்கிக்காட்டி, அவற்றையே மதிப்பீடு எனக் கொண்டு அமைவர். இசையைக் கேளாமலே தீர்ப்புக் கூறுதல் இவ்விரு சாராருக்கும் பொதுவான பண்பாகும். பிளாக் சபத் என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1970 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆம் திகதி வெளியிட்ட 'பரனொயிட்' என்னும் நீள் இசைத்தட்டு இவ்விரு வகைத் தவறுகளுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இலக்காகி வந்துள்ளது. வன் ரொக் எனவும், பின்னர் ஹெவி மெற்றல் எனவும் வழங்கப்பட்ட இசைவகையின் அடிப்படைத் தட்டுகளுள் ஒன்றாக இன்று அது எண்ணப்படுகின்றது. அடிப்படை என்று சொல்லிவிட்டால் ஆய்வு முடிந்துவிடாது. எதற்கு அடிப்படை என்பதும், அவ்வடிப்படைமீது பின்வந்தோர் எதனைக் கட்டினர் என்பதும் வினாக்களாகவே எஞ்சுகின்றன.

இவ்வினாக்களை அணுகுவதற்கு நமது பழைய இலக்கணமொன்று பெரிதும் துணைசெய்கின்றது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கும். அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் அவை. கண்ணுக்குப் புலனாகாத வருத்தும் தெய்வம் ஒருபுறமும், நம்மை ஆளும் அதிகாரம் மறுபுறமுமாக ஒரே பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் மனனம் செய்து கடந்துவிடுகின்றனர். ஆயின் அச்சத்தையே தன் முழுமுதற் பொருளாகக் கொண்ட ஒரு கலை, அணங்கிலிருந்து இறைக்குத் தன் முகத்தைத் திருப்பும் கணம் அக்கலையின் வரலாற்றில் முக்கியமானதாகும். 'பரனொயிட்' அத்தகைய ஒரு கணம் என்பதும், அதன் வழிவந்தோருட் பலர் அத்திரும்புதலைக் கைவிட்டு ஒலியை மாத்திரம் எடுத்துக்கொண்டனர் என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

கித்தார்க் கலைஞர் ரொனி அயோமி, பாடகர் ஓசி ஒஸ்போர்ன், ட்ரம்ஸ் வாசித்த பில் வோர்ட் ஆகிய மூவரும் 1948 இலும், பேஸ் கித்தார் வாசித்துப் பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர் 1949 இலும் பிறந்து, பேர்மிங்ஹாம் நகரின் ஆஸ்ரன் பகுதியில் வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜேர்மானிய விமானத் தாக்குதல்களால் 2,000 இற்கு மேற்பட்டோர் மாண்ட நகரம் அது. இடிபாடுகள் நீங்காத தெருக்களிலேயே இத்தலைமுறை விளையாடி வளர்ந்தது. மோட்டார் வாகனம், உலோகத் தகடு, இயந்திர உதிரிப்பாகம் எனப் பல்வகை ஆலைகள் நிறைந்த அந்நகரிற் பள்ளிப்படிப்பை விடும் இளைஞனுக்கு ஆலையே அடுத்த வகுப்பு. ஒஸ்போர்ன் கசாப்புக்கூடத்தில் வேலைசெய்தார். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். பட்லர் கணக்காளர் அலுவலகமொன்றிற் பயிலுநராக இருந்தார். அயோமி உலோகத் தகட்டு ஆலைத் தொழிலாளி.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆலையின் இரைச்சல் இசையில் இரைச்சலாக வெளிப்பட்டது எனக் கூறிவிடுவது எளிது. ரசிகர்களும் கூறுகின்றனர், சமூகவியல் நோக்கு எனத் தாம் நம்பும் ஒன்றைக் கையாளும் திறனாய்வாளர் சிலரும் கூறுகின்றனர். ஆனால் அதே நகரம் அதே காலப்பகுதியில் மூடி புளூஸ் குழுவினரின் மெல்லிசைக் கோலங்களையும் மூவ் குழுவினரின் இனிய பாடல்களையும் தந்துள்ளது. ஆலை எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவர் இசையில் மாத்திரம் அது ஏன் இப்படி உருக்கொண்டது என்ற வினாவுக்குக் கண்ணாடிப் பிரதிபலிப்புக் கொள்கை விடைதராது. சமூக நிலைமைக்கும் கலை உருவத்துக்கும் இடையில் ஏதோவொன்று நின்று இரண்டையும் இணைக்கவேண்டும். இவ்விடத்தில் அது ஒரு மனிதனின் கை.

1965 இல், தமது 17 ஆவது வயதில், ஆலைவேலையை விட்டு இசைப்பயணம் செல்லத் தீர்மானித்திருந்த அயோமி, வேலையின் இறுதி நாளன்று தமக்குப் பழக்கமில்லாத இயந்திரமொன்றில் நிறுத்தப்பட்டார். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் அதில் அறுபட்டன. அவர் இடக்கையாற் கித்தாரை மீட்டுபவராதலின் தந்திகளை அழுத்தும் கை வலக்கையே. இசை முடிந்தது என மருத்துவர் கருதினர். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர், தீவிபத்தில் இரு விரல்களின் இயக்கத்தை இழந்தபின்னும் உலகப்புகழ் பெற்ற ஜாஸ் கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றை அவருக்குக் கொடுத்துக் கேட்கச் செய்தார். அதன்பின் அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிக் கவசங்கள் செய்தார். அவற்றின்மேல் தோற்றுண்டுகளை ஒட்டினார். தடித்த தந்திகளை அழுத்த இயலாமையால் பான்ஜோ வாத்தியத்துக்குரிய மெல்லிய தந்திகளைக் கித்தாரிற் பூட்டினார். உற்பத்திக் கருவி அவர் உடலைச் சிதைத்தது. அவர் தம் இசைக்கருவியை அச்சிதைவுக்கேற்ப மாற்றிக்கொண்டார்.

இதன் இசைவிளைவுகள் கவனத்துக்குரியவை. பல விரல்களால் நிரப்பப்படும் கூட்டுச்சுரங்கள் அவருக்குக் கடினமாயின. ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மாத்திரம் சேர்த்தொலிக்கும் இருசுரக் கூட்டு அவருக்கு இயல்பாயிற்று. அவர்தம் குழு மட்டும் இதனைக் கையாண்டது என்பதன்று. ரொக் இசையில் அது முன்னரே இருந்தது. ஆயின் அயோமி அதனைத் தம் மொழியின் அடிச்சொல்லாகவே ஆக்கிக்கொண்டார். நமது செவிக்குத் தம்புராவின் ச-ப ஒலியாகப் பழகிப்போன இவ்விணைவு, ஒலிபெருக்கி தன் எல்லை கடந்து கரகரக்கும்வரை உயர்த்தப்படும்போது வேறொன்றாகிவிடுகின்றது. மூன்றுக்கு இரண்டு என்னும் அதிர்வு விகிதமுடைய அவ்விரு சுரங்களின் வேறுபாட்டிலிருந்து, ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழான மற்றொரு சுரம் பிறக்கின்றது. யாரும் வாசிக்காத ஒரு தாழ்சுரம் கேட்பவரின் மார்பில் மோதுகின்றது. காந்தாரம் இல்லாமையால் அது மகிழ்ச்சியென்றோ சோகமென்றோ ஐரோப்பிய மரபுப்படி வகுக்க இயலாத வெறும் பாரமாக நிற்கின்றது. பேர்மிங்ஹாமிலேயே 1967 இல் தொடங்கப்பட்ட லேனி நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளை அவர்கள் பயன்படுத்தினர் என்பதும் சேர்த்தெண்ணத்தக்கது. கித்தாரின் சுருதியைத் தாழ்த்தியமையே இவ்விசையின் கனத்துக்குக் காரணம் எனப் பலர் எழுதுவர். மூன்று அரைச்சுரம் தாழ்த்தும் வழக்கத்தை அயோமி 1971 இல் வெளிவந்த மூன்றாம் தட்டிலேயே மேற்கொண்டார். 'பரனொயிட்' தட்டின் கனம் அதற்கு முன்னரே, வழமையான சுருதியிற் பிறந்தது.

இக்குழு முதலில் வேறு பெயர்களில் புளூஸ் இசை வாசித்துத் திரிந்தது. பின்னர் 1963 இல் வெளிவந்த இத்தாலியப் பேய்ப்படமொன்றின் ஆங்கிலப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது. பணங்கொடுத்துப் பயப்பட மக்கள் வருவார்களாயின் பயமூட்டும் இசைக்கும் வருவார்கள் என்பது அவர்தம் கணக்கு. 1969 ஒக்ரோபரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1970 பெப்ரவரி 13 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமையன்று, வெளியான முதற்றட்டு முழுமையாக அணங்கின் உலகைச் சார்ந்தது. கறுப்புருவம், மணியோசை, மழை. குழுவின் பெயரையே கொண்ட முதற்பாடல் ஆதார சுரத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள தொலைவின்மீது கட்டப்பட்டது. கல்யாணி இராகத்தில் நமக்கு இன்பந்தரும் அதே பிரதி மத்திமம் ஐரோப்பியச் செவிக்கு நூற்றாண்டுகளாக அமைதியின்மையின் குறியீடாக இருந்துவந்துள்ளது. அச்சம் சுரத்தில் இல்லை, மரபில் உள்ளது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

முதற்றட்டு எதிர்பாராத வகையில் விற்பனையாகவே, வேர்ற்றிகோ நிறுவனம் சில மாதங்களிலேயே அடுத்த தட்டைக் கோரியது. 1970 ஜூன் மாதத்தில், சில நாட்களுக்குள், இலண்டனின் ரீஜன்ற் சவுண்ட், ஐலன்ட் ஆகிய கூடங்களில் இரண்டாம் தட்டு பதிவாயிற்று. தயாரிப்பாளர் ரொஜர் பெயின். ஒலிப்பொறியாளர் ரொம் அலொம். இத்துணைக் குறுகிய காலத்தில் அது நிறைவேறியதற்குக் காரணம் பாடல்கள் கூடத்திற் பிறந்தவையல்ல என்பதே. ஐரோப்பிய இரவு விடுதிகளில், குறிப்பாகச் சூரிச் நகரில், ஒரே நாளிற் பல அமர்வுகள் வாசிக்க வேண்டியிருந்த காலத்தில், கேட்போர் குறைவாயிருந்த பொழுதை நிரப்புவதற்காக நீட்டி நீட்டி வாசிக்கப்பட்டவை அவற்றுட் சில. கூலிக்கு நேரத்தை நிரப்பும் வேலைமுறை ஆலையிலிருந்து அரங்குக்கும் அவர்களைத் தொடர்ந்தது எனலாம்.

தட்டின் முதற்பாடலான 'வோர் பிக்ஸ்', அதாவது 'போர்ப் பன்றிகள்', அவ்வாறு வளர்ந்தது. ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் நீளும் இப்பாடலின் தொடக்க வடிவத்துக்கு 'வல்பேகிஸ்' என்று பெயர். ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் சூனியக்காரிகள் கூடும் இரவின் பெயர் அது. அவ்வடிவத்திற் சூனியச் சடங்குக் காட்சிகளே மேலோங்கியிருந்தன. 1970 ஏப்ரலில் பிபிசி வானொலிக்காக அவ்வடிவம் வாசிக்கப்பட்டுள்ளமையால் இரண்டையும் ஒப்பிட்டு நோக்க வாய்ப்புண்டு. பெயர் அளவுகடந்த பேய்மணம் வீசுகின்றது என நிறுவனம் தயங்கியது. பட்லர் மீண்டும் எழுதினார். இறுதி வடிவில் சூனியக்காரிகள் மறையவில்லை. உவமையாகப் பின்னுக்குச் சென்றனர். முன்னால் வந்து நின்றோர் படைத்தலைவர்கள். போரைத் தொடங்கும் அரசியல்வாதிகள் ஒளிந்துகொள்ள, அதிற் செத்து மடியும் பணி ஏழைகளுக்குரியதாகின்றது என்பது பாடலின் மையம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அணங்கிலிருந்து இறைக்குத் திரும்பும் திருப்பம் ஒரே பாடலின் இரண்டு வடிவங்களுக்கிடையில், சில மாத இடைவெளியில், கண்முன்னே நிகழ்வது இலக்கிய வரலாற்றிற் கூட அரிதாகக் கிடைக்கும் காட்சியாகும்.

இப்பாடலின் தொடக்க அடிகளில் பட்லர் ஒரே ஆங்கிலச் சொல்லை இருமுறை வைத்து இயைபு அமைத்துள்ளார் என்பது ஆங்கிலத் திறனாய்வாளர் பலரின் கேலிக்கு இலக்காயிற்று. சொல்வளம் இல்லாத தொழிலாளி வீட்டுப் பையன் வேறு என்ன செய்வான் என்ற தொனி அக்கேலியில் உண்டு. ஆனால் முதலிடத்தில் அச்சொல் கூட்டம் அல்லது திரள் என்னும் பொருளையும், இரண்டாமிடத்திற் சூனியப் பூசை என்னும் பொருளையும் தருகின்றது. சொல் ஒன்றே வந்து பொருள் வேறாவதை நாம் மடக்கு எனப் பெயரிட்டு அணிகளுள் ஒன்றாகப் போற்றுகின்றோம். படைத்தலைவரின் கூட்டமும் சூனியக்காரியின் சடங்கும் ஒரே ஒலியில் ஒன்றாகிவிடுகின்றன. பாடலின் முழு வாதமும் அம்மடக்கில் அடங்கியுள்ளது. பட்லர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது வேறு வினா.

இசையமைப்பும் இதற்கு இசைய நிற்கின்றது. மெதுவாக ஊசலாடும் தொடக்கத்தின்மேல் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலி எழுகின்றது. பின் இசை நின்றுவிடுகின்றது. வோர்ட்டின் தாள ஒலி மாத்திரம் நேரத்தை அளந்துகொண்டிருக்க, ஒஸ்போர்னின் குரல் தனித்து வந்து ஓர் அடி சொல்கின்றது, இரண்டு வெட்டுகளாகக் கித்தார் பதிலிறுக்கின்றது, மீண்டும் வெறுமை. கனமான இசை என்றவுடன் இடைவிடாத இரைச்சலை எதிர்பார்ப்போர் இப்பாடலில் எத்துணை மௌனம் உள்ளது என்பதைக் கவனிக்கவேண்டும். கனம் அம்மௌனத்தினாலேயே உணரப்படுகின்றது. வோர்ட் ஜாஸ் இசையிற் பயின்றவர். அவர் அடிப்பது அணிவகுப்பின் தாளமன்று. அதில் ஒரு துள்ளல் உண்டு. பின்வந்தோருட் பலர் இழந்த பண்பு இதுவே. சங்கொலியும் பாடலின் முடிவில் ஒலிநாடா விரைவாகச் சுழன்று கீச்சிட்டு முடிவதும் குழுவினரின் யோசனைகள் அல்ல. தயாரிப்பாளரும் பொறியாளரும் சேர்த்தவை. ஒரு கலைப்பொருளின் கூட்டு உழைப்பைப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

தட்டுக்கு முதலில் இட்ட பெயரும் 'வோர் பிக்ஸ்' என்பதே. வாளும் கேடயமும் ஏந்திப் பாயும் மனிதனைக் காட்டும் உறை அப்பெயருக்காகவே தயாரிக்கப்பட்டது. பின்னர் பெயர் மாறியது, உறை மாறவில்லை. அமெரிக்காவிற் போர் ஆதரவாளரின் எதிர்ப்பை நிறுவனம் அஞ்சியது என்பர் சிலர். 'பரனொயிட்' என்னும் சிறுபாடலின் விற்பனையைப் பயன்படுத்திக்கொள்ளவே மாற்றினர் என்பர் வேறு சிலர். இரண்டும் ஒரே சந்தையின் இரு காரணங்கள். வாள்மனிதனுக்கும் 'பரனொயிட்' என்ற பெயருக்கும் எத்தொடர்பும் இல்லாமல் அந்த உறை இன்றும் விற்பனையாகின்றது. அழிக்கப்பட்ட பெயரின் சாட்சியாக அது நிற்கின்றது.

அச்சிறுபாடலின் கதை பலர் அறிந்தது. தட்டின் நீளம் போதாமையால் இன்னொரு பாடல் வேண்டும் எனத் தயாரிப்பாளர் கேட்க, ஏனையோர் உணவருந்தச் சென்ற வேளையில் அயோமி ஓர் ரிப் அமைத்தார். ரிப் என்பது திரும்பத் திரும்ப வரும் குறுஞ் சுரத்தொடர். இவ்விசையில் அது பல்லவியும் அடித்தளமுமாக ஒருங்கே இயங்கும். பட்லர் விரைந்து வரிகளை எழுத, ஒஸ்போர்ன் தாளைப் பார்த்தபடியே பாடினார். மூன்று நிமிடங்களுக்கும் குறைவான இவ்விட்டுநிரப்பி பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 4 ஆம் இடத்தை அடைந்து முழுத்தட்டையும் 1 ஆம் இடத்துக்கு இழுத்துச் சென்றது. தலைப்புச் சொல் பாடலில் ஓரிடத்திலும் வருவதில்லை. மனச்சோர்வினால் வாடும் ஒருவன் தன் நிலையை உரைப்பதே அதன் பொருள்; பட்லர் தாமும் அத்தகைய சோர்வினால் வருந்தியதாகப் பிற்காலத்திற் கூறியுள்ளார். அச்சத்தின் நான்கு நிலைக்களன்களுள் எதிலும் அடங்காத ஐந்தாவது ஒன்று, தன்னையே தான் அஞ்சுதல், இங்கு இடம்பெறுகின்றது. துள்ளும் வேகத்தில் அமைந்தமையால் கேட்போர் அதனைக் களிப்புப் பாடலாகவே ஏற்றுக்கொண்டனர். அரங்கில் ஆயிரம் பேர் ஆடிப்பாடும் மனநோய்ப் பாடல் ஒரு விந்தைதான்.

'அயன் மான்', அதாவது 'இரும்பு மனிதன்', எனது கருத்தில் இத்தட்டின் மிகச் செம்மையான ஆக்கம். எதிர்கால அழிவைக் கண்டு எச்சரிக்க வரும் ஒருவன் வழியிற் காந்தப்புலத்தில் அகப்பட்டு இரும்பாகிவிடுகின்றான். அவனாற் பேச முடியவில்லை. மக்கள் அவனைப் புறக்கணிக்கின்றனர். சினங்கொண்ட அவன், தான் கண்ட அழிவைத் தானே நிகழ்த்துகின்றான். குரலும் கித்தாரும் ஒரே சுரக்கோவையில் ஒன்றாக நடக்கின்றன. ஐரோப்பிய இசைமரபினர்க்கு இது வறுமையாகத் தோன்றலாம். வாய்ப்பாட்டின் சுரத்தையே பக்கவாத்தியமும் தொடர்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு அவ்வாறு தோன்றவேண்டியதில்லை. மனிதக் குரலுக்கு இயந்திரத்தின் வழியைவிட்டு விலகிச்செல்லும் உரிமை மறுக்கப்பட்டிருப்பதே இங்கு பொருளாகின்றது. உலோக ஆலையில் விரலிழந்தவன் அமைத்த இசைக்கு உலோகமாகிப் பேச்சிழந்தவனின் கதை வந்து பொருந்தியதை உருவமும் உள்ளடக்கமும் இணைந்தமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2008 இல் இதே பெயருடைய அமெரிக்கத் திரைப்படத்தின் இறுதியில் இப்பாடல் ஒலித்தது. அதன் நாயகன் ஆயுத உற்பத்திச் செல்வன்.

ஏனையவற்றுள் 'ஹாண்ட் ஒவ் டூம்', ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைத்தளங்களில் வாசித்தபோது வியட்நாமிலிருந்து மீண்ட படைவீரர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்ததைக் கண்டதன் விளைவு. 'எலெக்ரிக் பியூனரல்' அணுவாயுத அழிவைப் பேசுவது. அதன் இசை தரும் அச்சத்தைச் சொற்கள் தரவில்லை. 'பிளனட் கரவன்' மென்மையான இடைவேளை. ட்ரம்ஸ் தனிவாசிப்பான 'ராட் சலட்' இல்லாவிட்டாலும் தட்டுக்கு இழப்பில்லை.

குறைகளை மறைப்பதிற் பயனில்லை. 'வோர் பிக்ஸ்' இறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. ஆயின் தீர்ப்பை வழங்குபவர் கடவுள். இறுதிநாளில் படைத்தலைவர்கள் மண்டியிட்டு ஊர்ந்து மன்னிப்புக் கேட்கின்றனர். போருக்கு அனுப்பப்பட்ட ஏழைகள் பாடலெங்கும் பகடைக்காய்களாகவே உள்ளனர். எழுந்து நிற்பவர்களாக ஓரடியிலும் இல்லை. பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். சாத்தானின் குழு எனப் பழிக்கப்பட்ட இவர்களின் நீதியுணர்வு முற்றிலும் கிறித்தவமானது. அடுத்த ஆண்டுத் தட்டில் 'ஆப்ரர் பொரெவர்' பாடலில் அது வெளிப்படையாகவே வந்தது. தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த நகரிற் பிறந்த இசை, கூட்டுச் செயலைக் கற்பனை செய்ய இயலாமற் போனமை சிந்தனைக்குரியது. பெண்களுக்கு இவ்வுலகில் இடமேயில்லை என்பதையும் சொல்லவேண்டும். போதையை எச்சரித்தோர் இரண்டே ஆண்டுகளில் கொக்கேயினைப் புகழும் பாடலை வெளியிட்டனர்; 1979 இல் அப்பழக்கங்களின் நடுவே ஒஸ்போர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

அக்காலத் திறனாய்வாளர் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியிருந்தால் அது திறனாய்வாக இருந்திருக்கும். அவர்கள் இசையையே மறுத்தனர். அமெரிக்கத் திறனாய்வாளர் லெஸ்ரர் பாங்ஸ் முதற்றட்டை 'ரோலிங் ஸ்ரோன்' இதழிற் கடுமையாக இகழ்ந்தார். ஆயினும் அவரே 1972 இல் 'கிரீம்' இதழில் நீண்ட கட்டுரை எழுதி இவர்களை அறம் உரைப்போராகக் கண்டார். இவ்வாறு திரும்பி வந்து கேட்டவர் சிலரே. கல்விகற்ற இளைஞரின் ரொக் இசை அப்பொழுது தன்னைக் கலையென நிலைநிறுத்த முயன்றுகொண்டிருந்தது. வானொலி பெரிதும் ஒதுக்கியபோதும் தட்டு அமெரிக்காவில் 12 ஆம் இடம்வரை சென்று, காலப்போக்கில் அங்கு மாத்திரம் 40 இலட்சம் பிரதிகளுக்கான சான்றிதழைப் பெற்றது. வாங்கியோர் திறனாய்வு படிப்பவர்கள் அல்லர்.

செல்வாக்கைப் பற்றி எழுதும்போது பெயர்ப்பட்டியல் எளிது. அதனைத் தவிர்க்க விரும்புகின்றேன். 2010 இல் அன்ட்ரூ கோப் என்னும் ஆய்வாளர், லெட் செப்பெலின் வழி வந்தது வன் ரொக் என்றும், ஹெவி மெற்றலின் இலக்கணத்தை வகுத்தது பிளாக் சபத்தே என்றும் பிரித்துக்காட்டினார். புளூஸ் இசையின் காதலையும் களிப்பையும் துறந்து, ரிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கதைசொல்லும் முறை இவர்களுடையது என்பது உண்மையே. நேரடியான தொடர்ச்சியும் உண்டு. இத்தட்டின் ஒலிப்பொறியாளரான அலொம் 1980 இல் பேர்மிங்ஹாம் வட்டாரத்தைச் சேர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ற் குழுவின் 'பிரிற்றிஷ் ஸ்ரீல்' தட்டைத் தயாரித்தார். உருக்கு அப்பொழுது தட்டின் பெயராகிவிட்டது. அதே ஆண்டுகளிற் பிரித்தானிய உருக்கு ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. ஆலை இருந்தபோது யாரும் அதனைப் பாடவில்லை; அது மறையத் தொடங்கியதும் சின்னமாயிற்று.

ஒலி இவ்வாறு பரவ, பொருள் இரண்டாகப் பிரிந்தது. பெரும்பகுதி அணங்குக்கே திரும்பிச் சென்றது. 1982 இல் வெனம் என்னும் நியூகாசில் குழு 'பிளாக் மெற்றல்' என்ற தட்டில் சாத்தானை விளையாட்டு வேடமாகப் பூண்டது. 1990களின் தொடக்கத்தில் நோர்வே இளைஞர் சிலர் அவ்வேடத்தை மெய்யெனக் கொண்டு மரத்தாலான பழைய தேவாலயங்களுக்குத் தீயிட்டனர். பட்லர் உவமையாக்கிப் பின்னுக்குத் தள்ளிய சூனியம் அங்கு மீண்டும் உவமேயமாயிற்று. மறுபகுதி இறையை விடவில்லை. 1986 இல் மெற்றாலிக்கா 'டிஸ்போசபிள் ஹீரோஸ்' பாடலிற் பயன்படுத்தி எறியப்படும் படைவீரனைப் பாடியது. பேர்மிங்ஹாமை அடுத்த கிராமமொன்றிலிருந்து தோன்றிய நேப்பாம் டெத் 1987 இன் 'ஸ்கம்' தட்டிற் பல்தேசிய நிறுவனங்களைத் தாக்கியது; ஒரு நிமிடத்தையும் எட்டாத பாடல்கள் பல அதில் உண்டு. பிரேசிலின் சுரங்க மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசொன்தேயிலிருந்து வந்த செப்புல்துரா 1993 இல் அரச வன்முறையை நேரிற் பாடியது. எழுந்து நிற்கும் மனிதன், 'வோர் பிக்ஸ்' காட்டத் தவறியவன், அங்கேதான் முதலில் தெளிவாக வந்தான் என்பேன். பெரும் ஆலைகளும் சுரங்கங்களும் சூழ்ந்த இன்னொரு நகரிலிருந்து அவன் வந்தமையைத் தற்செயல் என ஒதுக்க எனக்கு மனமில்லை. மேலே நானே விடுத்த எச்சரிக்கையை நினைந்து அதற்குமேற் செல்லவும் துணிவில்லை.

பாடல்களை மீளப் பாடியோரிலும் இப்பிளவு தெரிகின்றது. பெயித் நோ மோர் 1989 இல் 'வோர் பிக்ஸ்' பாடலை அதன் சினத்தோடு வாசித்தது. பன்ரேரா 1994 இல் தட்டின் மிக மென்மையான பாடலான 'பிளனட் கரவன்' ஐத் தெரிந்தது. சுவீடனின் கார்டிகன்ஸ் 1996 இல் 'அயன் மான்' ஐப் பெண்குரலில் மெல்லிசையாக மாற்றியது. கனமெல்லாம் நீங்கிய அவ்வடிவில் பேச்சிழந்தவனின் தனிமை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கின்றது. விகடமெனச் சிலர் அதனைத் தள்ளினர். நான் அவ்வாறு கருதவில்லை.

2025 ஜூலை 5 ஆம் திகதி, ஆஸ்ரனில் அவர்கள் வளர்ந்த தெருக்களுக்கு அண்மையிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கில் நால்வரும் இறுதி முறையாக ஒன்றாக வாசித்தனர். 2005 இற்குப் பின் வோர்ட் ஏனைய மூவருடன் சேர்ந்தது அன்றே. நடக்க இயலாத நிலையிலிருந்த ஒஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்தே பாடினார். 17 நாட்களின் பின் அவர் காலமானார். அன்று அவர்கள் வாசித்த பாடல்கள் நான்கு. அவற்றுள் மூன்று இத்தட்டிலுள்ளவை. முதலில் வாசிக்கப்பட்டது 'வோர் பிக்ஸ்'.